வலப்பக்கத்து ஸ்பிரிங்

போன வாரம் ஹாலிஎலயிலிருந்து பதுளைக்கு வந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார். தரையோடு தரையாக அமுக்கி வைத்திருந்தார்கள். வேகத்தடை வந்ததும் அது நின்றது, யோசித்தது, குறுக்காகத் திரும்பி ஒவ்வொரு சக்கரமாக ஏறியது. அப்படியும் அடிவயிறு சிமெந்தில் உரசிக் கிர்ர்ரென்றது. பின்னால் நின்ற பஸ்காரர் ஹோர்னிலிருந்து கையையே எடுக்கவில்லை. நான் மட்டும் பொறுமையாக நின்றேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படி ஒரு காரில்தான் ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தேன். கொழும்பில் ஓர் அலுவலகத்தில் வேலை. பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி, ஊருக்குள் நுழையும் முன்பே பண்டாரவளையில் ஒருவருடைய வீட்டுப் பின்புறத்தில் நிறுத்தி, நாலு ஸ்பிரிங்கையும் கழற்றி கிரைண்டரால் வெட்டி, வண்டியைத் தாழ்த்திக்கொண்டேன். ஒன்றரை மணி நேர வேலை. இரும்பு கருகிய வாடை சட்டையில் இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, பார்க்க ஜோராகத்தான் இருந்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரிடமும் கார் இல்லாத காலம். நமக்குத் தலைகால் புரியுமா?

அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, கவலையோடு கேட்டார். "என்னடா, வண்டி குந்திக்கிட்டு கெடக்கு? ஒடஞ்சிருச்சா?"

"இல்லப்பா, ஜப்பான்லருந்தே இப்பிடித்தான் வருது. இது ஸ்பெசல்."

வாய் தவறி வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. யோசித்துத்தான் சொன்னேன். காசு கொடுத்து வாங்கிய நல்ல வண்டியை வெட்டினேன் என்றால் அவருக்குப் புரியாது, திட்டுவார். அப்பா நம்பினார். நம்பியதோடு விட்டாரா? பொழுது சாய்வதற்குள் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்களம் முதல் மேல் லயம் வரை, "அது ஜப்பான்லருந்தே அப்பிடித்தாங்க" என்று சொல்லி முடித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாதர் வந்து காரை ஆசீர்வதித்தார். தீர்த்தம் தெளித்து, நல்ல நீளமான ஜெபம். பாதர் அந்தப் பக்கம் திரும்பினாரோ இல்லையோ, அம்மா சேலைத் தலைப்பிலிருந்து நாலு எலுமிச்சங்காயை எடுத்து நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்தாள். எங்கள் சனம் எத்தனை தலைமுறை கோயிலுக்குப் போனாலும் வண்டி என்று வந்துவிட்டால் எலுமிச்சங்காயை விடாது. பாதரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், பாவம். வண்டியை எடுத்தேன். மூன்று நசுங்கின. முன் இடப்பக்கத்துக் காய் மட்டும் வழுக்கிக்கொண்டு ரோட்டோரத் தண்ணீர்க் காணுக்குள் ஓடிவிட்டது.

இரண்டு நாளில் கார் இடப்பக்கம் இழுக்கத் தொடங்கியது. கையை விட்டால் ஓரத்துக்கு ஓடும். குழியில் இறங்கினால் ஸ்டீரிங் தானாக உதறும். நேராகப் போகும்போதும் ஸ்டீரிங் கோணலாகவே நிற்கும். அம்மா சொன்னாள், "அந்த எடப்பக்கத்துக் காய் நசுங்கல பாத்தியா, அதான் அந்தப் பக்கமே இழுக்குது." விழுந்து விழுந்து சிரித்தேன். நான் படித்தவன் அல்லவா.

பதுளையில் அப்போது வீல் அலைன்மென்ட் செய்யும் டயர்க்கடை ஒன்று இருந்தது. அங்கேதான் அன்ரன் வேலை செய்தான். எங்கள் லயத்துப் பிள்ளை. அவனும் நானும் ஒன்றாக ஞானோபதேசம் படித்தவர்கள். கடைக்குக் கம்ப்யூட்டர் மெசின் வந்தபோது, அதைத் தொட்டுப் பழகிய முதல் ஆள் அவன். முதலாளி ஒருவரைக் கொழும்புக்குப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். போய் வருகிறவர்தான் அலைன்மென்ட் பகுதிக்குப் பொறுப்பு. அன்ரன்தான் என்று கடையிலே எல்லோருக்கும் தெரியும். அது கிடைத்தால் டவுனில் வீடு எடுத்து, கொழுந்து பறிக்கும் அம்மாவை லயத்திலிருந்து கூட்டிக்கொண்டு போவதாக அவன் சொல்லி வைத்திருந்தான். அந்த அம்மாவும் ஏதோ நாளைக்கே கிளம்புகிறாற்போல, கோழிகளை யாருக்குக் கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

முதல் தடவை காரைக் கொண்டு போனபோது அப்பாவும் கூட வந்தார். வந்ததும் முதலாளியிடம் ஜப்பான் கதையைத் தொடங்கிவிட்டார். அன்ரன் வேலையில் இறங்கினான். காற்றைச் சரிபார்த்தான். முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்த்தான். டயரில் பிழை என்றால் இழுப்பும் பக்கம் மாறுமாம். மாறவில்லை. சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான், ஆட்டம் இல்லை. பிறகு படுத்து, டோர்ச் அடித்துக்கொண்டு அடியில் போனான். கொஞ்சம் அதிக நேரமே உள்ளே இருந்தான். வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தான்.

"ஸ்பிரிங் வெட்டுனதா?"

"சேச்சே. அப்பிடியே வந்தது."

"அதான் சொன்னேனே தம்பி, ஜப்பான்லருந்தே அப்பிடித்தான்," என்றார் அப்பா.

அன்ரன் காரை மெசினில் ஏற்றினான். சக்கரங்கள் பார்க்கும் திசையைத் திருத்தினான், அது திரையில் பச்சைக்கு வந்தது. வல முன் சக்கரத்தின் சாய்வு மட்டும் சிவப்பிலேயே நின்றது. "இத இந்த வண்டியில திருப்ப முடியாதுங்க," என்றான். முதலாளிக்கு முகம் மாறியது. வெட்டாத ஸ்பிரிங் என்றால் ஏன் சிவப்பு? "சென்சரச் சரியா மாட்டுனியா?" என்று கேட்டார். பிறகு எல்லோரும் கையை விட்டு ஓட்டிப் பார்க்க நேரான ரோடு தேடிப் போனோம். பதுளையில் நேரான, மட்டமான ரோடு கிடைப்பது என்ன லேசுப்பட்ட காரியமா! வயல் பக்கம் முந்நூறு அடி கிடைத்தது. அதில் கார் சாதுவாகத்தான் போனது. தோட்டத்து ரோட்டில் ஏறியதும் பழைய குருடி கதவைத் திறடி.

இரண்டாம் தடவையும் போனேன். அதே திருத்தம், அதே இழுப்பு. மூன்றாம் தடவை ஒரு சனிக்கிழமை. கடை நிறைய ஆட்கள். கோயில் பாட்டுக் குழுப் பையன்கள் இரண்டு பேர் என் காரிலேயே வந்திருந்தார்கள். "அண்ணே, ஸ்பெசல் வண்டின்னீங்களே," என்று ஒருவன் சிரித்தான். அவ்வளவுதான். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அவனிடம் காட்ட வேண்டியதை அன்ரனிடம் காட்டினேன்.

"ஒனக்கு வேல தெரியலேனா தெரியலேனு சொல்லு! என் வண்டிய வச்சா படிக்கிற?"

அன்ரன் கையில் இருந்த துணியால் கையைத் துடைத்தான், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தான். முதலாளி மேசையிலிருந்து எழுந்து வந்து அவனை டயர் கழற்றும் பக்கம் போகச் சொன்னார். நான் கம்பீரமாகக் காரில் ஏறி வந்தேன். என்ன கம்பீரம், தூ.

மறுநாள் பூசை முடிந்து வரும்போது தூறல். தோட்டத்து ரோட்டில் ஒரு குழியில் இறங்கியதும் ஸ்டீரிங் உதறி, கார் இழுத்துக்கொண்டு போய்க் காணுக்குள் இறங்கியது. யாருக்கும் அடியில்லை. லயமே கோயில் உடுப்போடு ஓடிவந்து, ஆளுக்கு ஒரு கை கொடுத்துத் தூக்கி ரோட்டில் வைத்தது. அன்ரனும் வந்து தூக்கினான். சனம் சாப்பாட்டுக்குக் கலைந்த பிறகு, வீட்டிலிருந்து ஜெக்கைக் கொண்டுவந்து வல முன் சக்கரத்தைக் கழற்றினான். டயரின் உள்விளிம்பு மொட்டையாகத் தேய்ந்து கம்பி தெரிந்தது. அதற்கு மேலே ஸ்பிரிங், கிரைண்டர் வெட்டிய முனையோடு. மற்றப் பக்கத்தைவிட அரை வளையம் கூடுதலாக வெட்டுப்பட்டிருந்தது. அன்ரன் அந்த முனையில் விரலை வைத்தான்.

"இத மொத நாளே பாத்துட்டேன்டா."

"பாத்துட்டு ஏன் சொல்லல?"

"ஒங்கப்பா பக்கத்துல நின்னாரு."

முந்தின நாள் நான் கத்தும்போது அப்பா அங்கே இல்லை. அப்போதாவது அவன் சொல்லியிருக்கலாம். பாட்டுக் குழுப் பையன்கள் கேட்டு அது எப்படியும் அப்பா காதுக்குப் போகும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான். என் அப்பாவின் மானத்தை நான் நினைக்கவில்லை, அவன் நினைத்திருக்கிறான்.

அவன் ஒன்றே ஒன்று கேட்டான். "வர்ற வெள்ளிக்கெழமதான் முதலாளி பேர் அனுப்புறாரு. அதுக்கு முன்ன நீ அவருகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிரு. வேற யாருக்கும் தெரிய வேணாம்."

"சொல்றேன்டா. சத்தியமா சொல்றேன்."

திங்கட்கிழமை கடையில் கூட்டமாக இருந்தது, வெளியே நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன். புதன்கிழமை போனேன். முதலாளி தனியாகத்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "தம்பி, அன்னைக்கு நடந்ததுக்கு மன்னிச்சிருங்க, வேற ஆளப் போட்டுட்டேன்," என்றார். அந்த மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "பரவால்லைங்க," என்று சொல்லிவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை வேறு பெயர் போனது. அடுத்த வருஷம் அன்ரன் கட்டாருக்கு வேலைக்குப் போனான். அவன் அம்மா லயத்திலேயே இருந்தார், கோழிகளும் இருந்தன. வழியில் கண்டால், "நல்லா இருக்கியா சாமி?" என்று கேட்பார். அவன் அவரிடமும் சொல்லவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் மாற்றலாகிப் பதுளைக்கே வந்துவிட்டேன். இப்போது அந்த டயர்க்கடை இல்லை. காரை ஏற்றும் பள்ளத்தை மூடித் தரை ஓடு பதித்து, போன் கடை நடக்கிறது. முதலாளியின் மகன்தான் நடத்துகிறார். நேற்று எப்படியோ மனதைத் திடப்படுத்திக்கொண்டு உள்ளே போனேன். முதலாளி போன வருஷம் மாரடைப்பில் காலமாகிவிட்டாராம். அன்ரனைத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம? அப்பா அடிக்கடி சொல்லுவாரு. தங்கமான பையன், கைசுத்தம், என்ன, அந்த அலைன்மென்ட் வேலதான் அவனுக்குக் கடைசிவரைக்கும் வரலன்னு."

சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, ஸ்பிரிங்கை வெட்டியது, பொய் சொன்னது, கத்தியது எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டார். "அப்பிடியாங்க, அட," என்றார். அதற்குள் போனுக்குக் கண்ணாடி ஒட்ட ஒரு பிள்ளை வந்து நின்றது, அவர் அந்தப் பக்கம் திரும்பினார். அவருக்கு அது ஒரு பழைய கார்க் கதை. அதைக் கேட்க வேண்டியவர் பதினொரு வருஷம் அதே இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். தீபாவளி, நத்தார் என்று ஊருக்கு வந்து போனபோதெல்லாம், மாற்றலாகி வந்த பிறகும், நான் அவருக்குக் கை காட்டிவிட்டுத்தான் போனேன்.