பால் இல்லை, வெண்ணெய் இல்லை, நெய் இல்லை

இந்திராணி அக்கா இறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய தம்பி சுப்புதான் போன் செய்தார். "அண்ணே, அக்கா காலைல எந்திரிக்கல. மாவு சலிக்க அலாரம் வச்சிருந்துச்சு, அதுபாட்டுக்கு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. போய்ப் பாத்தா இப்படி" என்றார். வாயில் நுரையோடு, "அடடா" என்றேன். அவருக்கு அது எப்படிக் கேட்டதோ தெரியவில்லை. அக்கா இருந்திருந்தால், "துப்பிட்டு வந்து அழுய்யா" என்றிருப்பார்.

அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கப்பலூர் பிஸ்கட் கம்பெனியில் அவரிடம் திட்டு வாங்கியவர்கள், பால் ஒவ்வாத பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசலில் ஜாடியோடு நின்ற தாய்மார்கள், எல்லோருக்கும். தெரியாதவர்களும் படிக்கலாம். திட்டு வாங்காத குறை ஒன்றுதான் உங்களுக்கு.

கம்பெனியில் அவர் தரப் பரிசோதனைப் பிரிவு. நான் விற்பனைப் பிரிவு, அதாவது கடைக்காரர்களிடம் திட்டு வாங்கும் பிரிவு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவருடைய அறைக்குள் ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டே நுழைந்து, "உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குக்கா" என்று கருத்துச் சொன்னேன். அவர் என் வலது கையைப் பிடித்து மோந்து பார்த்தார். "காலைல பூரிக்கெழங்கா? கையக் கழுவாத ஆளுக்குக் கருத்து எதுக்கு?" என்றார். அறையில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து கம்பெனியை மூடும் வரை என் பெயர் பூரிக்கெழங்கு.

யாரையும் அவர் விட்டதில்லை. கலவை எந்திரத்தை ஓட்டிய ஒருவர், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்ள பேரு, நேரம், மண்டபம் எல்லாம் சரியா இருக்கு. உன் மாவு மட்டும் ஒரு நாளும் இப்படி இருந்ததில்ல" என்றார். அந்த மனிதர் படியில் உட்கார்ந்து அழுதார். கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போனவரும் அக்காதான். அங்கே பாயசத்தைக் குறை சொன்னார்.

என் மகள் தேன்மொழிக்குப் பால் ஆகாது. ஒரு வாய் தயிர்ச்சோறு போதும், உதடு வீங்கும், மூச்சு இழுக்கும். கம்பெனியை மூடிய பிறகு விளாங்குடியில் தம்பி வீட்டில் இருந்த அக்காவிடம் ஒருநாள் புலம்பினேன். பள்ளியில் மற்ற பிள்ளைகள் பிஸ்கட் தின்னும்போது இவள் பொரி தின்கிறாள் என்று. அவர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "பொரி நல்லதுதான. உனக்கும் குடு, தொப்பை கொறையும்" என்றார். மறுவாரம் ஒரு கண்ணாடி ஜாடி நிறைய வெள்ளையாக ஒரு மாவைக் கொடுத்து, "தேவையானத எடுத்து, கொஞ்சமாத் தேங்காப்பால் தெளிச்சுப் பெசஞ்சு, வட்டம் வெட்டிச் சுடு. ஜாடி பிரிட்ஜ்லயே இருக்கட்டும். வேற எதுவும் சேக்காத. எதுவும்னா எதுவும்" என்றார்.

அவர் அதைச் செய்யும் விதத்தை ஒருமுறை பார்த்தேன். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, பொடித்த சர்க்கரை நாலையும் சேர்த்து மூன்று முறை சலிப்பார். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய். மதுரை வெயிலில் அது தண்ணீராகத்தான் இருக்கும் என்பதால், எவர்சில்வர் தட்டில் ஊற்றி பிரிட்ஜில் கட்டியாக்கி, கேரட் துருவுவதுபோல மாவுக்குள் துருவுவார். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று விடிந்ததும் உட்கார்ந்துவிடுவார். உள்ளங்கை படாமல் விரல் நுனியால் உதிர்த்து உதிர்த்துப் புட்டு மாவுப் பதத்துக்குக் கொண்டுவருவார். பிடித்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும். மோதிரம் கிடையாது, வளையல் கிடையாது. அந்த அறைக்குள் பால் பாக்கெட் வந்த நாள் கிடையாது. தம்பி காபி குடிப்பதானால் தெருவில் நின்று குடிக்க வேண்டும். "மனுசனுக்கு ரெண்டு நாக்கு இருக்கும்யா, மாவுக்கு ஒண்ணுதான்" என்பார்.

தேன்மொழி முதல் பிஸ்கட்டைத் தின்ற அன்று என் மனைவி மல்லிகா அழுதாள். தனக்கு வாட்சப் குழுவில் தெரிந்த தாய்மார்களுக்கெல்லாம் சொன்னாள். ஆறே மாதத்தில் விளாங்குடி வீட்டு வாசலில் ஜாடிகளோடு பெண்கள் நிற்க ஆரம்பித்தார்கள். அக்கா எல்லோரையும் கையை மோந்து பார்த்துத்தான் உள்ளே விட்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு திருப்தியைக் கம்பெனியில் நான் பார்த்ததே இல்லை. ஊரில் இம்புட்டுப் பேரைத் திட்ட வாய்ப்பு கிடைத்ததே என்பதால் இருக்கலாம் என்று நான் அப்போது சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி வருவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்போது தேன்மொழிக்கு ஒன்பது வயது. மல்லிகா அவளுடைய அம்மா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகளுக்கு நானே பிஸ்கட் சுட்டுத் தருவதாக இறங்கினேன். மாவை மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசம், தலைக்குத் தேய்த்துக் குளித்த மாதிரி. என்ன இருந்தாலும் பிஸ்கட் என்றால் ஒரு மணம் வேண்டாமா? எங்கள் வீட்டு அலமாரியில் பசு நெய் இருந்தது. பால்தானே ஆகாது, நெய் பாலா என்ன? பாலை அதன் போக்கில் விட்டுப் பத்துப் பதினைந்து மைல் தள்ளி வந்த பொருளல்லவா நெய். குழந்தை பிறந்தால் நாக்கில் வைக்கிறோம், சாமிக்கு விளக்கேற்றுகிறோம், உடம்பு தேறச் சாப்பிடு என்கிறோம். அது போய் யாரை என்ன செய்துவிடும் என்று இரண்டு கரண்டி நெய்யை ஜாடியிலேயே விட்டுக் கிளறினேன். அது என் கண்டுபிடிப்பு என்பதால் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நாலு பிஸ்கட் தின்றாள். கால் மணி நேரத்தில் கண் இரண்டும் மூடிக்கொண்டன. ஆட்டோவில் என் மடியில் விசில் மாதிரி மூச்சு வந்துகொண்டிருந்தது. ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள். வார்டு வாசலில் ஓடி வந்த மல்லிகா, "என்ன குடுத்தீங்க?" என்று கேட்டாள். "இந்திராணி அக்கா பிஸ்கட்தான்" என்றேன். பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள அழகு.

மறுநாளே மல்லிகா, அக்கா மாவில் பால் கலந்திருக்கிறது என்று வாட்சப் குழுவில் எழுதிவிட்டாள். மூன்றாம் நாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றினார், நேராகச் சமையலறைக்குப் போய் ஜாடியைத் திறந்து மோந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். மல்லிகா பக்கத்தில் நின்றாள்.

"என்னக்கா, என்ன தெரியுது?" என்று கேட்டாள்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீயே சொல்லிவிடு என்று இடம் விட்ட பார்வை அது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "சலிக்கிறப்ப ஏதாவது கலந்திருக்கும்க்கா. வயசாகுதுல்ல. யாரையும் குத்தம் சொல்ல முடியாது" என்றேன்.

வயசாகுதுல்ல என்றேன். மூச்சு முட்டிக் கிடந்த பிள்ளையின் அப்பன், பெருந்தன்மையாக.

"ஆமா தம்பி. ஏதோ கலந்துருச்சு" என்றார் அக்கா. "ஜாடியச் சுடுதண்ணி ஊத்திக் கழுவும்மா மல்லிகா. ஒட்டிக்கிட்டு இருக்கறது லேசுல போகாது."

அத்தோடு விட்டேனா? நான் அவ்வப்போது எழுதும் இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், "பிஸ்கட்டுக்குப் பயந்தவன்" என்று நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். கண்ணாடி போட்டும் கண் தெரியாத ஓர் அம்மையார் மாவில் எதையெதையோ சலித்துப் போடுவதாக அதில் வரும். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவை இருக்கவில்லை. வாசகர்கள் ரசித்ததாக ஆசிரியர் சொன்னார். விளாங்குடி வாசலில் ஜாடிகள் நின்றுபோயின.

சில மாதம் கழித்து பஸ் நிறுத்தத்தில் அக்காவிடம் மாட்டிக்கொண்டேன். ஓட இடமில்லை, பஸ்ஸும் வரவில்லை. "அக்கா, அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாம்ல" என்று முனகினேன்.

"எதுக்கு? சொல்லியிருந்தா உன் பொண்டாட்டி ஒரு நா வஞ்சிருப்பா, மறுநா கஞ்சி ஊத்தியிருப்பா. அம்புட்டுதான், முடிஞ்சிருக்கும்" என்றார். "இது நல்லா நாள்பட நிக்கும்." பஸ் வந்தது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாக, "கட்டுரை படிச்சேன். மூணு எடத்துல சந்திப் பிழை" என்றார். அதுதான் அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு.

பிறகு அவர் ஒவ்வொரு தாயாகப் பிடித்து, பக்கத்தில் நிற்க வைத்து, கண் முன்னால் மாவு கலந்து காட்டினார் என்று கேள்விப்பட்டேன். பழைய கூட்டம் திரும்ப வர இரண்டு வருடம் ஆனதாம். எங்கள் வீட்டுக்கு மட்டும் ஜாடி வரவில்லை. மல்லிகா வாங்கவும் மாட்டாள். ஒன்பது வருடமாக அவள் அந்த அம்மாவைக் கரித்துக்கொட்டும்போதெல்லாம் நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வேன். உலக நடப்பில் எனக்கு இவ்வளவு ஆர்வம் வந்தது அப்படித்தான்.

இறந்த அன்று விளாங்குடிக்குத் தனியாகப் போனேன். "செத்தவங்களக் கொற சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு, கூடவே வர மறுத்துவிட்டாள் மல்லிகா. தெருவில் சாமியானா, ஐஸ் பெட்டி, சிவப்பு நாற்காலிகள். வீடு நிறையத் தாய்மார்கள். மாலையை வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். சுப்பு வந்து, "வாங்க கதிரேசண்ணே" என்றார்.

நாற்காலிகள் திரும்பின.

"நீங்கதான் கதிரேசனா?" என்று ஒரு பெண் கேட்டார். ஆமாம், பத்திரிகையில் எழுதுவேன் என்று அடக்கமாகச் சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரிடம், "இவருதானாம்டி" என்றார். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "ஆளா? நான் ஏதோ கெமிக்கல் பேருன்னு நெனச்சேன்" என்றார். துக்க வீட்டில் நாலைந்து பேர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுப்புதான் உள்ளே கூட்டிப்போய் பிரிட்ஜைத் திறந்து காட்டினார். வரிசையாக ஜாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்பது வருடமாக அவர் கொடுத்த ஒவ்வொரு ஜாடியிலும் அதே ஐந்து வரிதானாம்:

பால் இல்லை.
வெண்ணெய் இல்லை.
நெய் இல்லை.
பால் பவுடர் இல்லை.
கதிரேசன் கை படவில்லை.

மதுரையில் பால் ஒவ்வாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலெல்லாம் என் பெயர் பிரிட்ஜுக்குள் குளிர்ந்துகொண்டிருந்திருக்கிறது. நான் எழுதிய எதற்கும் இவ்வளவு வாசகர்கள் கிடைத்ததில்லை. ஒரு பிழையும் இல்லை.

"கடைசி ஆறு மாசமா அக்காவுக்குக் கை நடுக்கம்ணே. மாவு மட்டும் அதுவா செஞ்சிரும். சீட்டெல்லாம் வேற ஆளுதான் எழுதித் தந்துச்சு" என்றார் சுப்பு. அவர் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அந்தக் கையெழுத்தை எனக்கு எல்.கே.ஜி.யிலிருந்து தெரியும். 'க'வின் வாலை நீட்டி எழுதாதே என்று நானே எத்தனையோ முறை திட்டியிருக்கிறேன்.

தேன்மொழி ஒத்தக்கடையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எங்களுக்குத் தெரியாமல் இரண்டு பஸ் மாறி ஞாயிறுதோறும் விளாங்குடிக்கு வந்திருக்கிறாள். அன்று அவள் கூடத்தில், தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அவங்க சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அவங்க ஒண்ணுமே சொல்லலப்பா. இத எழுதுன்னு மட்டும் சொன்னாங்க. முதல் நாள் சிரிச்சேன். ரெண்டாவது ஜாடிக்கு எழுதறப்ப அந்த ஞாயித்துக்கிழமை ஞாபகம் வந்துச்சு, நெய் வாசமும்." முகத்தை ஐஸ் பெட்டியிலிருந்து எடுக்காமலே, "அம்மாட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேல" என்றாள். கிளம்பும்போது ஒரு ஜாடியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

அக்காவின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பின்னால், சீட்டு உள்பக்கம் பார்க்க வைத்தேன். உரித்துப் பார்த்தேன், வரவில்லை. நல்ல பசை. நாள்பட நிற்கும்.

நாலாம் நாள் காலையில் பிரிட்ஜைத் திறந்தேன். ஜாடி மேல்தட்டுக்கு வந்திருந்தது, சீட்டு என்னைப் பார்த்தபடி. வீட்டில் நானும் மல்லிகாவும் மட்டும்தான். நெய் டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்து அந்த ஜாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

அவள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. நேரத்துக்குக் காபி வருகிறது. குடித்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நீயே சொல்லிவிடு என்று இடம் விட்ட பார்வை. அதை எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும்.