நம்பர் பிளேட்டில் சந்தனம்

வேகக் கேமரா வைத்தால் விபத்து குறையும் என்று யாராவது சொன்னால் நான் சிரிப்பேன். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் எந்த விஷயத்திலும் கடைசி வார்த்தை என்னுடையது என்று நானே முடிவு செய்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து தேவாலய வாசலில் நின்று பேசும்போது, கேமரா பற்றிய பேச்சை நானாகவே இழுத்துவிடுவேன்.

"அது கேமரா இல்ல, உண்டியல். கம்பத்துல ஏத்திவச்ச உண்டியல்."

கேட்பவர்கள் சிரிப்பார்கள். அதற்காகவே அடுத்த வாரமும் சொல்வேன்.

நான் சொன்னதில் பாதி உண்மைதான். திருச்செந்தூர் சாலையில், குரும்பூர் தாண்டி வாழைத்தோப்புகளுக்கு நடுவே அப்படி ஒரு கம்பம் நின்றது. அதைக் கண்டதும் தலைமையாசிரியரைக் கண்ட மாணவர்களைப் போல எல்லா வண்டியும் அடங்கும். கம்பத்தைத் தாண்டியதும் பள்ளி விட்டதைப் போலப் பறக்கும். ஒரு நூறு அடி தூரத்துக்கு மட்டும் ஒழுக்கம். அந்த நூறு அடியைக் காப்பாற்றிவிட்டு, சாலையையே காப்பாற்றியதாக மேடையில் பேசுகிறார்கள் என்று நான் ஏளனம் செய்வேன். "நூறடிப் பாதுகாப்பு" என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தேன்.

அந்தக் கம்பம் என்னையும் சிலமுறை படம் பிடித்தது. கைபேசிக்கு அபராதச் செய்தி வரும்போதெல்லாம், பத்துப் பேர் நடுவில் கன்னத்தில் அறை வாங்கியவனைப் போலக் கொதிப்பேன். நான் அப்படி எங்கே பறந்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மீன் வாங்கத்தான். சனிக்கிழமைதோறும் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் கடற்கரையூர் ஒன்றுக்குக் காரில் போவேன். வள்ளங்கள் கரை சேர்ந்து சற்று நேரத்தில் நல்ல சீலா மீன் ஏலத்தில் போய்விடும். பிந்தினால் மலிவான சாளைதான் மிஞ்சும். சாளை தின்றால் செத்தா போவேன்? ஆனால் அதற்காகத்தான் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரில் போனேன். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று ஆண்டுக்கணக்கில் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான்.

ஒரு ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் காரைப் பழுது பார்க்கக் கொடுத்திருந்தேன். மெக்கானிக், பட்டறையில் நின்ற எல்லா வண்டிகளுக்கும் பூஜை போட்டதோடு என் வண்டிக்கும் போட்டுவிட்டார். முன்னாலும் பின்னாலும் நம்பர் பிளேட்டில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிசைந்தார்.

"மன்னிச்சிருங்க சார். பையன் சர்ச்சுக்குப் போற வேதக்கார வண்டின்னு பாக்காம பூசிட்டான். இப்பவே தொடச்சுத் தாரேன்."

"இருக்கட்டும்," என்றேன். எண்ணில் இரண்டு இலக்கங்கள் அடியோடு மறைந்திருப்பதை நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கம்பத்தடியில் எல்லாரும் அடங்கியபோது நான் மட்டும் அடங்கவில்லை. அபராதம் வரவில்லை. ஊரில் சந்தனம் பூசிய வண்டிகள் எத்தனையோ ஓடின. கேள்வி கேட்பார் இல்லை. ஐப்பசி மழையில் என் வண்டிச் சந்தனம் கரைந்தது. வேறு யாருடைய வண்டியானாலும் அத்தோடு பூஜை முடிந்திருக்கும். நான் மார்க்கெட்டுக்குப் போய், தெரிந்த முகம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சந்தனப்பொடியும் குங்குமமும் வாங்கி வந்தேன். கார் நிறுத்தும் கொட்டகையில் குனிந்து உட்கார்ந்து, அந்த இரண்டு இலக்கங்களின் மேல் பக்தியோடு பூசினேன். நான் திருச்சபைக் கமிட்டியில் இருப்பவன்.

தேவாலய வாசலில் சும்மா விடுவார்களா? "என்ன அண்ணாச்சி, நீங்க இங்கன வாரிய, உங்க காரு மட்டும் மதம் மாறிட்டா?" என்றார் ஒருவர். எல்லாருக்கும் விஷயம் தெரியும். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. எனக்குக் கைதட்டல் போலத்தான் இருந்தது.

தை மாதம். பூசத்துக்குத் திருச்செந்தூர் நடக்கிறவர்கள் பச்சை வேட்டி கட்டிச் சாலையோரமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். விடிந்து வெயில் ஏறாத நேரம். எனக்கு முன்னால் போன வேன் கம்பத்தைக் கண்டு வேகம் குறைத்தது. எனக்குச் சீலா மீன் காத்திருந்தது. வலப்பக்கம் ஏறி வேனைக் கடந்து, மறுபடி இடப்பக்கம் வெட்டினேன். வெட்டிய இடத்தில் ஒரு பச்சை வேட்டி இருந்தது.

அந்தச் சத்தத்தை எழுத வேண்டாம். நடுவயதுக்காரர் ஒருவர் சாலையோரச் சரளையில் கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. கூட்டம் ஓடி வந்தது. அடிதான் விழும் என்று இறங்கினேன். அவர்கள் காரின் முன்பக்கத்துச் சந்தனத்தைப் பார்த்தார்கள்.

"சாமியும் கோயிலுக்குத்தான் போறாவ போல," என்றது ஒரு குரல்.

"முருகன்தான் காப்பாத்துனான். தலையில படல."

அவர்களுடைய குருசாமி, கூட்டத்தை நடத்திச் செல்பவர், தம் பையிலிருந்து திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசினார். நான் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். கீழே கிடந்தவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "நாந்தான் சாமி ரோட்டுக்குள்ள ஏறிட்டேன்."

"ஆமா, திடீர்னு உள்ள வந்துட்டீங்க," என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் உள்ளே வரவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதான் நடந்தார். கோட்டைத் தாண்டியவன் நான்.

என் காரிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். விசாரிக்க வந்த காவலரிடமும் அவர் அதையே சொன்னார். செலவை நான் ஏற்றுக்கொண்டதால் அவருடைய மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அன்று மாலையே நம்பர் பிளேட்டைத் தேய்த்துக் கழுவினேன். மனம் திருந்தி அல்ல. பயந்து.

மறு வருடம் மார்கழியில் பச்சை வேட்டிகள் மறுபடி கண்ணில் பட ஆரம்பித்தபோது எனக்குக் காரில் ஏற முடியவில்லை. பேருந்து பிடித்து ஏரலில் அடிபட்டவர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்திலிருந்து தலைச்சுமையாக வாழைத்தார் கொண்டுவந்து லாரியில் ஏற்றுவது அவர் தொழில். இப்போது வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வாழையிலைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல்.

"வாங்க சார். இந்த வருசமும் நடக்க மாலை போட்டிருக்காவ," என்றார். "என்னய மட்டும் சேக்கல."

"கால் இப்படி இருக்கே..."

"காலுக்காக இல்ல சார். குருசாமி சொல்லிட்டாவ, விரதம் சுத்தமில்லாதவன் கூட வந்தா கூட்டத்துக்கே ஆகாதுன்னு."

மனைவி உள்ளேயிருந்து வந்தார். "கேளுங்க சார். விரத நாளுல மச்சினன் வீட்டுல கருவாட்டுக் குழம்பு தின்னுட்டு மாலையோட நடந்திருக்காரு. முருகன் விடுவானா?"

"வாசம் புடிச்சேன்டி. தின்னல."

"வாசத்துக்கா கால் ஒடிஞ்சிது?"

இந்தப் பேச்சு அந்த வீட்டில் ஒரு வருடமாக நடக்கிறது என்பது அவர்கள் பேசிய வேகத்திலேயே தெரிந்தது. சம்பந்தமில்லாமல், "அன்னைக்கு எதுக்கு ரோட்டை ஒட்டி நடந்திய?" என்று கேட்டேன்.

"வெறுங்காலு சார். ஓரமெல்லாம் சரளையும் முள்ளும். அந்த எடத்துல கேமரா இருக்குல்லா, வண்டியெல்லாம் பைய வரும். அதனால அங்கன மட்டும் வெள்ளக் கோட்டுக்கு வெளிய தார் ஓரத்துல நடப்போம். செத்த நேரம் காலுக்கு சொகமா இருக்கும். எல்லா வருசமும் அப்படித்தான்."

என்னுடைய நூறடி. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன்! மொத்தச் சாலையிலும் இவர்கள் நம்பி நடந்தது அந்த நூறு அடியைத்தான். அதற்குள் நுழைந்துதான் நான் அடித்தேன்.

சொல்லிவிட்டேன். தொண்ணூறில் வந்தது, சந்தனம் எதற்கென்பது, நான் வேதக்காரன் என்பது, மீன், பொய் சொன்னது எல்லாவற்றையும்.

அவர் முதலில் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவியைப் பார்த்தார். "கேட்டியாட்டி? கேட்டியா? கருவாடு இல்ல!" அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அது வடிந்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார். அதுவரை 'சார்' என்றவர், "ஏன்வே, ஒரு மீனுக்கா?" என்று கேட்டார்.

மனைவி இலைக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்று என்னைக் கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் போனதைப் போல.

காவல் நிலையத்துக்கும் போனேன். "அடிபட்டவரே எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க எதுக்கு சார் கெளறுதிய? வயசான காலத்துல வீட்டுக்குப் போங்க," என்றார்கள். கேமராவுக்கு என்னைப் பிடிக்க ஒரு நொடி போதும். தானே வந்து நிற்பவனைப் பிடிக்க அங்கே ஆள் இல்லை. கேமராவையும் அபராதத்தையும் பற்றிய என் ஏளனங்களில் இந்த ஒன்று மட்டும் இப்போது என்னிடம் மிச்சமிருக்கிறது. மற்றதெல்லாம் போய்விட்டது. யார் யாரையோ பார்த்துச் சிரித்தேன். சிரிப்புக்குரிய ஆள் கொட்டகையில் குனிந்து சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தான்.

அடிபட்டவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். அவருடைய கூட்டத்தார் முன்னால் வந்து சொல்ல வேண்டும். ஒரு சாயங்காலம் பஜனைக்கு அவர்கள் கூடிய இடத்தில் போய் நின்று சொன்னேன். என் நெற்றியில் திருநீறு பூசிய குருசாமி எதிரே இருந்தார். ஊன்றுகோலோடு அடிபட்டவரும் வந்திருந்தார்.

"எங்க சந்தனத்த எடுத்து எங்க ஆளையே அடிச்சிருக்காரு," என்றார் பின்னாலிருந்து ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

குருசாமி அடிபட்டவரைப் பார்த்து, "ஏலே, நடக்க முடியாட்டி சாமான் வேன்ல ஏறிக்கோ. மாலைய நாளைக்குப் போடுதேன்," என்றார். எனக்கு முதுகைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்க எனக்கு உரிமை இல்லை.

கிளம்பத் திரும்பினேன். ஊன்றுகோலால் என் காலைத் தட்டி நிறுத்தினார் அவர்.

"கருவாடு தின்னலன்னும் சொல்லும்வே."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ரோட்டுக்குள்ள வந்தேன்னு சொன்னீரே, அது மட்டும் தெரியுமோ?"

மறுபடி கூட்டத்தைப் பார்த்து நின்றேன். அவர் கருவாடு தின்னவில்லை என்றும் சொன்னேன்.