பால்கனி அறைக்கு ஓர் ஒத்திகை

பெரியவள் முட்டிபோட்டுக்கொண்டு ஹால் தரையில் சிவப்பு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையில் அளவு நாடா, பல்லிடுக்கில் டேப் துண்டு. சுருள் உருண்டோடாமல் கால் கட்டைவிரலால் அமுக்கி வைத்திருந்தாள். சோபாவும் நாற்காலிகளும் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தன. தம்பியின் போனிலிருந்த கப்பல் அறையின் படத்தைப் பார்த்துப் பார்த்து, கட்டில் இங்கே, அலமாரி இங்கே, குளியலறைக் கதவு இங்கே என்று ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கிவைத்தாள்.

"இந்த வயசுல பாண்டி ஆடப் போறியாடி?" என்றாள் அம்மா, ஒதுக்கிய சோபாவில் உட்கார்ந்தபடி.

"ஆமா. நீதான் முதல் ஆட்டம்."

பெரியவள் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு நர்சிங் ஹோமில் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தவள். நோயாளியை நகர்த்துவதற்கு முன் வழியைப் பார்த்துவிட வேண்டும் என்பது அங்கே கற்ற பாடம். சக்கர நாற்காலி திரும்புமா, எங்கே பிடித்துக்கொள்வது, எங்கே கால் இடறும் என்று பார்க்காமல் ஒருவரையும் கட்டிலைவிட்டு இறக்க மாட்டாள். அப்பா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்தாள். அப்பா போய்ச் சேர்ந்தார். அடுத்த முறை அம்மாவுடையது என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. அம்மாவுக்கு அப்போது ஒரு நோயும் இல்லை. இப்போதும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை, முட்டி வலியைத் தவிர.

இரண்டு படுக்கையறை வீடு. ஒன்று அம்மாவுக்கு. இன்னொன்று, தம்பி வெளிநாட்டிலிருந்து வந்தால் வேண்டுமே என்று வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். பெரியவளுக்கு மடக்குக் கட்டில். அம்மாவின் அறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள நடையில். ஜன்னல் கிடையாது. காலையில் அவள் மேல் விழும் முதல் வெளிச்சம் குளியலறைப் பல்பு. "கூப்பிட்ட குரலுக்கு வரணும்ல," என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் அம்மாதான்.

அம்மாவுக்கு எண்பது முடிவதால் எல்லோரையும் தீவுகளைச் சுற்றி வரும் கப்பலில் கூட்டிப்போவதாகத் தம்பி சொன்னான். இரண்டு அறைகள். ஒன்றில் அவனும் அவன் மனைவியும். பால்கனி வைத்தது, எப்போதோ எடுத்தாகிவிட்டது. மற்றதில் அம்மாவும் பெரியவளும். "அக்கா, எது வேணுமோ நீயே பார்த்துச் சொல்லு. உனக்கும் அம்மாவுக்கும் எது வசதியோ அது. இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள சொன்னா போதும்," என்று ஊருக்கு வந்த அன்றே போனைக் கையில் கொடுத்துவிட்டான்.

எது வேண்டும் என்று அவளைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. அவளுக்கே பதில் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. ஆனால் அந்தப் படங்களைப் புரட்டும்போது ஒன்றில் கை நின்றுவிட்டது. கண்ணாடிக் கதவு. அதற்கப்பால் இரண்டு நாற்காலி போடும் அளவுக்கு ஒரு பால்கனி. அதற்கப்பால் ஒன்றுமே இல்லை, தண்ணீர்தான். அம்மா தூங்கிய பிறகு கதவை வெளியிலிருந்து சாத்திக்கொண்டு அங்கே உட்காரலாம். கூப்பிட்டால் கேட்கும். கேட்காமலும் போகலாம்.

அதன் பிறகு அவள் வேலையில் இறங்கிவிட்டாள். கப்பலின் நடுப்பகுதி என்றால் ஆட்டம் குறைவு. லிஃப்ட் பக்கம் என்றால் அம்மாவின் முட்டிக்கு நல்லது. கரை தெரிகிற பக்கம் எது என்றுகூடத் தம்பியைக் கேட்டுவைத்திருந்தாள்.

"அண்ணி, நீங்க கப்பல்லயே வேலைக்குச் சேர்ந்துடலாம்," என்று தம்பி மனைவி சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள். சிரித்ததை அம்மா பார்த்துவிட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

ஏனென்றால், பெரியவள் எதற்காவது ஆசைப்படுகிறாள் என்று தெரிந்துவிட்டால் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளாது. முன்பொரு முறை நர்சிங் ஹோமின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைபார்த்த ஒருவர் பெண் கேட்டு வீட்டுக்கு வந்தார். சாதுவான மனிதர். அம்மா டீ கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், நன்றாகப் பேசினாள். "இவளுக்கு அப்பப்போ வலிப்பு வரும் தம்பி, நாக்கைக் கடிச்சுப்பா. பக்கத்துல ஆள் இருந்தா பயமில்ல," என்றாள். பெரியவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மயக்கம் போட்டுச் சாய்ந்துவிட்டாள். மயக்கம் தெளிவித்து வெளியே வந்து பார்த்தால் டீ கோப்பை மட்டும் இருந்தது. மறுநாள் அந்த மனிதர் வேறு ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டார்.

டேப் ஒட்டி முடிந்ததும் பெரியவள் உடைந்த அலமாரியின் பலகை ஒன்றை எடுத்துவந்து, பால்கனிக் கதவு இருக்க வேண்டிய இடத்தில் குறுக்கே வைத்தாள். கப்பலில் தண்ணீர் உள்ளே வராதபடி அந்தக் கதவடியில் உயரமாகத் தடுப்பு இருக்கும் என்று படத்திலேயே தெரிந்தது. பலகைக்கு அந்தப்பக்கம் இரண்டு நாற்காலிகளைப் போட்டாள். அங்கிருந்து ஹால் ஜன்னல் தெரியும். ஜன்னலுக்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர், அதில் ஒரு கழிவுநீர்க் குழாய்.

"கடலைப் பார்க்கிறதுக்கு உனக்குத் தனி வாசல் கேக்குதா?" என்றாள் அம்மா. "அங்க நின்னு யாரைக் கூப்பிடப் போற? மீனையா?"

"உன்னைத்தான் தள்ளப் போறேன்."

"தள்ளு, தள்ளு. உன்னைப் பார்த்துக்கிறதுக்கு அப்புறம் யார் இருக்கா?"

பேசிக்கொண்டே அம்மா எழுந்து வந்தாள். புடவையை லேசாகத் தூக்கிக்கொண்டு பலகையைத் தாண்டி அந்தப்பக்க நாற்காலியில் உட்கார்ந்தாள். பிறகு இந்தப்பக்கம் தாண்டி வந்தாள். ஒரு கையால் சுவரைத் தொட்டதோடு சரி. தாண்டாமல் என்ன? குளியலறை வாசற்படி அதைவிட உயரம். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்வருகிறாள். போன மாதம் முக்காலி மேல் ஏறி, மேல்தட்டில் ஒளித்து வைத்த சர்க்கரை டப்பாவை இறக்கியவள்.

பெரியவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. அவசரப்பட்டு அது முகத்திலும் தெரிந்தது.

சாயங்காலம் தம்பியும் அவன் மனைவியும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். டேப் போட்ட தரையைப் பார்த்துத் தம்பி அசந்துபோனான். "ஏ, இது நிஜமாவே ரூம் மாதிரியே இருக்கே! அம்மா, வா வா, எண்பது வயசு ஹீரோயின், நடந்து காட்டு," என்று அக்காவிடமிருந்து போனை வாங்கிப் படம் பிடிக்கத் தயாரானான்.

அம்மா எழுந்தாள். கட்டில் என்று ஒட்டிய இடத்தைச் சுற்றி வந்தாள். அலமாரியைத் தொடுவதுபோலக் காற்றில் கையை வைத்தாள். தம்பி மனைவி கைதட்டினாள். பலகைக்கு முன்னால் வந்ததும் அம்மா நின்று பெரியவளை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஒரு காலைத் தூக்கினாள். "ஐயோ, கால் தூக்க முடியலையே," என்று ஒரு சத்தம். பலகையில் காலை மோதிக்கொண்டு, பக்கவாட்டில், சரியாக மெத்தை இருந்த சோபாவில் விழுந்தாள்.

உண்மையில் விழுகிறவர்கள் கண்ணாடியைப் பத்திரப்படுத்திக்கொண்டு விழுவதில்லை. பெரியவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

தம்பிக்கு முகம் வெளுத்துவிட்டது. போனைப் போட்டுவிட்டு ஓடிவந்து அம்மாவின் காலைப் பிடித்தான். "அம்மா! என்னம்மா ஆச்சு? அடிபட்டுச்சா? அக்கா, என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற?"

"ஒண்ணுமில்லடா கண்ணா," என்று அம்மா முனகினாள். "காலே வரமாட்டேங்குது. அக்காவை ஒண்ணும் சொல்லாத. பாவம், அவளுக்குக் கடல் பார்க்கணும்னு ஆசை. நான் எப்படியாவது தவழ்ந்தாவது போறேன்."

"தவழ்றதாவது! காலைல தாண்டினா. என் கண்ணு முன்னாடி தாண்டினா," என்றாள் பெரியவள்.

"அக்கா, காலைல தாண்டினதைப் பத்தி என்ன பேச்சு? இப்ப விழுந்துட்டாங்கல்ல. கப்பல்ல விழுந்து இடுப்பு உடைஞ்சா என்ன பண்றது? உனக்குத் தெரியாததா? நீயே நர்சிங் ஹோம்ல இருந்தவ."

கண்ணாடியைக் கழற்றிச் செருகியதைச் சொல்லலாம். சொன்னால், பெற்ற தாயை நடிக்கிறாள் என்று சொன்ன மகள் ஆவாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்திருந்தாள்.

தம்பி போனை எடுத்தான். உள்பக்கத்து அறை, ஜன்னல் இல்லாதது, கதவடியில் தடுப்பெல்லாம் ஒன்றும் கிடையாது. "பத்திரமா இருக்கும். ராத்திரி இருட்டா இருந்தா அம்மாவுக்கும் நல்லாத் தூக்கம் வரும்," என்றான். எடுத்தேவிட்டான். "தப்பா நினைச்சுக்காதக்கா. அம்மாவுக்குக் கால் சரியானா மாத்திக்கலாம். கடல் எங்கேயும் போயிடாது. எங்க பால்கனியில வந்து பாரு."

"ஆமா அண்ணி, கண்டிப்பா வாங்க," என்றாள் தம்பி மனைவி. "நாங்க எழுந்ததுக்கப்புறம் வாங்க, என்ன?"

பெரியவள் குனிந்து டேப்பை உரிக்கத் தொடங்கினாள். நல்ல டேப். தரையில் பசை நின்றுவிட்டது. பின்னால் அம்மாவின் குரல் கேட்டது, இப்போது நல்ல தெம்பாக: "ஒரு வாய் டீ போடுடி. நாக்கெல்லாம் வறண்டு கிடக்கு."

போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா வழக்கம்போல் கண் விழித்தாள், வழக்கம்போல் போர்வையை விலக்கிக் குளியலறைக்குப் போக எழுந்தாள். தோளில் ஒரு கை விழுந்து அவளைப் படுக்க வைத்தது. முரட்டுத்தனம் இல்லை. தேர்ந்த கை.

"எழுந்திருக்காதீங்க," என்றாள் பெரியவள்.

வீட்டில் அம்மாவை நீ என்றுதான் பேசுவாள். நீங்க என்பது நோயாளிகளுக்கு.

"என்னடி இது? அவசரமா வருது, விடு."

"தெரியும். அதுக்குத்தான் கொண்டுவந்திருக்கேன்." கையில் பெட்பேன் இருந்தது. அப்பாவின் கடைசிக் காலத்துக்கு வாங்கிய எவர்சில்வர் பெட்பேன். நர்சிங் ஹோமில் என்றால் வெந்நீர் ஊற்றிக் கொஞ்சம் சூடாக்கித்தான் நோயாளியின் அடியில் வைப்பார்கள். பெரியவள் இதைக் குழாய்த் தண்ணீரில் கழுவி எடுத்துவந்திருந்தாள்.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? நான் நடந்து போவேன்!"

சத்தம் கேட்டுத் தம்பி பல் துலக்கியபடியே வாசலில் வந்து நின்றான். "என்னக்கா?"

"நேத்து நீதான் பார்த்தியே," என்றாள் பெரியவள், அவன் பக்கம் திரும்பாமல். "பலகையே தாண்ட முடியல. பாத்ரூம் படி அதைவிட உயரம். விழுந்தா இடுப்புதான். இனிமே எல்லாம் கட்டில்லயே. கப்பல்லயும் இதேதான். குளிக்கிறதும் வேண்டாம், ஈரத்துணியில துடைச்சு விட்டுடறேன்."

தம்பி யோசித்தான். வாயில் நுரையோடு தலையாட்டினான். "அக்கா சொல்றது சரிதாம்மா. வெக்கப்படாத. நீ இருக்கிறதாலதான்கா நான் அங்க நிம்மதியா இருக்கேன்." அறையை எட்டிப் பார்க்கக் கூச்சப்பட்டவனாக ஹாலுக்குப் போய்விட்டான். அங்கே அவன் மனைவி ஏதோ சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

அம்மா பெரியவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்குள் தொடைகள் இறுகி நெருங்கின. பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: "போ. அந்தப் பால்கனியையே எடுக்கச் சொல்லு. மாத்திக்கலாம்னுதான் நேத்தே சொன்னானே."

"நீங்களே சொல்லுங்க. ஹால்லதான் இருக்கான். கதவு திறந்துதான் இருக்கு. எழுந்து நடந்து போய்ச் சொல்லுங்க."

நடந்து போயிருந்தால் பால்கனி கிடைத்திருக்கும். அது இருவருக்குமே தெரியும். நடந்துவந்து நிற்கிற அம்மாவைப் பார்த்து மகன் முகம் எப்படிப் போகும் என்பதும் தெரியும். அம்மா கதவைப் பார்த்தாள். ஹாலில் மறுபடி சிரிப்புச் சத்தம். பெரியவள் அவசரப்படுத்தவில்லை. எந்த நோயாளியையும் அவள் அவசரப்படுத்தியதில்லை.

கடைசியில் அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு இடுப்பைத் தூக்கினாள். பெரியவள் பெட்பேனை உள்ளே தள்ளினாள். ஜில்லென்று பட்டதில் அம்மாவிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது.

"அசையாதீங்க. சிந்திடும்," என்றாள் பெரியவள்.

முடிந்ததும் துடைத்துவிட்டாள். போர்வையைச் சரியாகப் போர்த்தினாள். பெட்பேனைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கொட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, துணியால் ஈரமில்லாமல் துடைத்தாள். பிறகு நடையில், மடக்குக் கட்டிலின் மேல் திறந்து கிடந்த புதுப் பெட்டியில், கப்பலுக்கு எடுத்துப்போகும் முதல் சாமானாக அதை வைத்தாள்.