இரண்டு குட்டை, ஒரு நெட்டை

சென்னிமலையை வேலையிடத்தில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய் சென்ட்ரிங்", "ஏய் ஹனூரு", "ஏய் நீலச் சட்டை" என்று தொழிலோ, சொந்த ஊரோ, சட்டையோ, மேஸ்திரி வாயில் அன்றைக்கு எது முதலில் வருகிறதோ அதுதான் அவன் பேர். பலகை அடிப்பான், முட்டுக் கொடுப்பான், கான்கிரீட் காய்ந்ததும் எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவான். மைசூரில் அவன் கை படாத புது லேஅவுட் கிடையாது. அந்த வீடுகளில் குடியிருக்கும் ஒருவருக்கும் அவன் முகம் தெரியாது. இதில் அவனுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஏனென்றால் இரண்டு வருஷத்துக்கு ஒருதரம் ஏதாவது ஒரு தேர்தல் வந்துகொண்டிருந்தது.

தேர்தல் வந்துவிட்டால் அவன் தட்டிக்காரன்.

அந்த வார்டில் அப்படி ஒரு வழக்கம். ஓட்டுப் போடுகிற நாளுக்குப் பத்து நாள் இருக்கையிலிருந்து காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், பால் பூத் மூலையில் ஆட்கள் நின்று, சின்னம் வரைந்த தட்டியை மூங்கிலில் கட்டி, போகிற வருகிற வண்டிகளைப் பார்த்து ஆட்டுவார்கள். கோஷம் கிடையாது, நோட்டீஸ் கிடையாது. ஆட்டுவது மட்டும்தான். பிடித்தவர்கள் கையசைப்பார்கள், ஹாரன் அடிப்பார்கள். பிடிக்காதவர்கள் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். யாருக்கு ஹாரன் அதிகமோ அவர்தான் ஜெயிப்பார் என்று வார்டே நம்பியது. ஜெயிக்காவிட்டால் ஹாரன் அடித்தவர்கள் பொய் சொல்லிவிட்டார்கள் என்று திட்டியது.

மூலையில் ஒரு கல் உண்டு. அதன் மேல் ஏறி நின்றால் மூன்று பக்கத்து வண்டிக்கும் தெரியும். மூன்று தேர்தலாக அந்தக் கல் சென்னிமலையுடையது. தட்டியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டுகிறவன் பத்து நிமிஷத்தில் துவண்டுவிடுவான். மூங்கிலின் அடியை இடுப்பெலும்பில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ஹம்ப்ஸ் என்கிற வேகத்தடைக்கு முன்னால் வண்டி மெதுவாகும்போது ஓட்டுகிறவர் கண்ணைப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு தட்டியை ஒரு சாண் சாய்க்க வேண்டும், கும்பிடு போடுகிற மாதிரி. இதெல்லாம் அவன் கண்டுபிடிப்பு.

எல்லா ஹாரனுக்கும் மேலே ஒரு ஹாரன் இருந்தது. மேட்டகள்ளி போகும் சிட்டி பஸ், முரளிதரன் என்கிற டிரைவர் ஓட்டுவது. காலை ஒன்பது பத்துக்கு ஒருதரம், சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஒருதரம், மூலை திரும்பும்போது இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பீப், பீப், பீஈஈஈப். வேறு எந்த டிரைவரும் அப்படி அடிப்பதில்லை. அதைக் கேட்டுவிட்டால் சென்னிமலைக்கு அன்றைக்குச் சோறுகூட இரண்டாம் பட்சம். அவ்வளவு பெரிய பஸ்ஸை ஓட்டுகிற ஒரு மனுஷர், தினமும் மறக்காமல், அவனுக்கென்று அடிக்கிறார்.

தொண்ணூற்றாறோ ஏழோ, மாநகராட்சித் தேர்தலில் அந்த வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். டைல்ஸ் கடை பசவராஜ் வருஷக்கணக்காகக் கனவு கண்டுகொண்டிருந்த வார்டு அது. அவர் அசரவில்லை. மனைவி உமாதேவியை நிறுத்திவிட்டார், ஏணிச் சின்னத்தில். முதல் நாள் காலையில் மூலைக்கு வந்தவர், கல்லின் மேல் நின்ற சென்னிமலையை மேலும் கீழும் பார்த்தார்.

"எறங்குப்பா. இந்த சல, இந்தத் தடவ, லேடீஸ் சீட்டு. கல்லு மேல லேடீஸ்தான் நிக்கணும். மீசை நின்னா ஜனம் என்ன நெனைக்கும்?"

"லேடீஸுக்கு எங்கீங்க போறது?"

"ஏன், வீட்டுல உன் ஹெண்டத்தி இல்லவா? பாப்பம்மா. கூப்பிடு."

சென்னிமலை சிரித்தேவிட்டான். "அவளுக்கு என்னங்க தெரியும்? நாலு பேரப் பாத்தா மூஞ்சிய மூடிக்குவா."

அதற்காகவே அவளைக் கூட்டி வந்தான். ஒரு வேளை நின்றால் விஷயம் முடிந்துவிடும் என்பது அவன் எண்ணம். பாப்பம்மாளும் அவனை ஏமாற்றவில்லை. கல்லில் ஏறினாள், தட்டியை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு ஏணி, அதன் கீழே ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால். சாக்கடை ஓரமாகப் பின்வரிசையில் நின்ற சென்னிமலைக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாவின் முந்தானை சக்கரத்துப் பக்கமாகத் தொங்கியது. தட்டிக்கு மேலே பாப்பம்மாளின் தலை எட்டிப் பார்த்தது. "அக்கா! செரகு, செரகு! சக்கரத்துல சிக்கப்போகுது, புடி!" என்று தமிழும் கன்னடமுமாக அவள் போட்ட கத்தலில் ஸ்கூட்டர் நின்றது, முந்தானை மடிக்குப் போயிற்று, அந்த அம்மா திரும்பித் திரும்பிக் கையசைத்துக்கொண்டே போனாள்.

பிறகு பாப்பம்மாளைப் பிடிக்க முடியவில்லை. முந்தானை, துப்பட்டா, மடக்காத ஸ்டாண்டு, திறந்து கிடக்கிற டிபன் பை என்று எல்லாம் அவள் கண்ணில் பட்டது. சொல்லிவிட்டு ஏணியை ஆட்டினாள். பள்ளிக்கூட ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு வந்த பிள்ளைகள் அவள் தலை தெரிந்ததும் கூச்சல் போட்டன. மூன்றாம் நாள் ஒன்பது பத்துக்கு மேட்டகள்ளி பஸ் வந்தது. பீப், பீப், பீஈஈஈப்.

"ஏனுங்க, கேட்டீங்களா? எனக்கு அடிச்சாரு!" என்று கல்லிலிருந்து கத்தினாள் பாப்பம்மாள்.

சாக்கடை ஓரத்தில் சென்னிமலையின் காது இரண்டும் அடுப்பில் வைத்ததுபோல் சுட்டன.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "கை கழண்டு போற மாதிரி நோவுதுங்க. நீங்க எப்படித்தான் புடிச்சீங்களோ."

இடுப்பெலும்பு ரகசியம் அவன் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டான். "பழகுனாத்தான் வரும். உன்னால ஆவாது புள்ள. நாளைக்கி நானே ஏறிக்கிறேன்."

மறுநாள் அவள் மூங்கிலை இடுப்பில் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அத எவன்டி உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

"எவன் சொல்லணும்? மூணு எலெக்சனாச் சோறு கொண்டாந்துட்டு, பால் பூத்துக்குப் பின்னால நின்னு உங்களத்தான பாத்துட்டு இருந்தனுங்க. நீங்க எங்க என்னயப் பாத்தீங்க? பஸ்ஸத்தான பாத்தீங்க."

இதற்கு உருகியிருக்கலாம். அவன் இருந்த இருப்பில் தன் தொழிலைத் திருடிவிட்டாள் என்றுதான் தோன்றியது. விடியற்காலையில் எழுந்து, அவள் தட்டியைக் கழற்றித் தலைகீழாகக் கட்டி வைத்தான். எழுத்தே இல்லாத, ஏணி மட்டும் வரைந்த தட்டி அது. ஏணியைத் தலைகீழாகப் பிடித்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகவில்லை. காலை முழுக்க அவள் ஆட்டினாள், வார்டு முழுக்கப் பார்த்தது, ஒரு ஜீவனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சென்னிமலை ஒருவன்தான் பின்னால் நின்று ஒவ்வொரு படியாக எண்ணிக்கொண்டிருந்தான்.

அவன் முகம் போன போக்கைப் பசவராஜ் கவனித்துவிட்டார். "என்னப்பா, ஹெண்டத்தி ரோட்டுல நிக்கறது பேஜாரா?"

சென்னிமலைக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. பெண்டாட்டியைக் கண்டவன் பார்க்கிறான் என்று புகைவது ஊர் ஒப்புக்கொள்கிற பொறாமை. டீக்கடையில் நாலு பேர் தோளைத் தட்டிக் கொடுப்பார்கள். பெண்டாட்டிக்கு விழுகிற ஹாரன் தனக்கு விழவில்லையே என்று புகைவதை எங்கே போய்ச் சொல்வது?

"ஆமாங்க. கண்ட கண்ட டிரைவரெல்லாம் பாக்கறானுங்க."

"பாக்கட்டும்னுதான நிக்க வெச்சிருக்கோம்!" என்றார் பசவராஜ்.

அடுத்த நாள் காலை சென்னிமலை ரோட்டைக் கடந்தான். எதிர்ப்பக்கம் மரத்தடியில், குடைச் சின்னத்தில் நிற்கிற ரங்கம்மா, நிஜக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏனப்பா, பொண்டாட்டி அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கமா? வீட்டுல ஜகளவா?"

"சண்டையெல்லாம் இல்லீங்க. ஏறி நிக்க ஒரு கல்லு இருந்தாப் போதும்."

"கல்லு இல்லப்பா. ஸ்டூல் இருக்கு. ஆகுமா?"

ஆகும் என்றான். இன்னும் சொன்னால் கல்லைவிட ஆகும். இந்தப் பக்கம்தான் டிரைவர் ஜன்னல் வரும்.

ஐந்து நாள் மைசூரின் அந்த மூலையில் புருஷன் குடையையும் பெண்டாட்டி ஏணியையும் ஒருவரையொருவர் பார்த்து ஆட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி இல்லாத நேரத்தில் பாப்பம்மாள் தன் தட்டியை அவன் பக்கமாக ஒரு சாண் சாய்த்தாள், அவனும் ஒரு வாகனம் என்பதுபோல. அவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். ராத்திரிச் சோற்றின்போது, "எதிர்க்கட்சிக்காரரே, இன்னொரு கரண்டி போடட்டுங்களா?" என்று கேட்டாள். போடு என்று தட்டை நீட்டினானே தவிரச் சிரிக்கவில்லை.

பஸ் என்னவோ தவறாமல் ஹாரன் அடித்தது. அதுவும் சரியாக இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, ஒருவரை ஒருவருக்கு மறைத்துக்கொண்டு அடித்தது. பஸ் கடந்ததும் இரண்டு பக்கமும் பல் தெரிந்தது.

"இன்னிக்கும் எனக்குத்தான் அடிச்சாரு."

"அவர் ஜன்னலு என்ற பக்கம் புள்ள. உனக்கு எப்படி அடிப்பாரு?"

"ஜன்னலு இருந்தா? கண்ணு எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணியோடு தட்டிகளைக் கீழே போட்டுவிட வேண்டும். இனி அடுத்த தேர்தல் வரை அவன் மறுபடி ஏய் சென்ட்ரிங். இதைத் தீர்த்துக்கொள்ளாமல் போனால் அத்தனை நாளும் நெஞ்சில் ஆணி இருக்கும். ஐந்தே முக்காலுக்கு பஸ் வந்தது. பீப், பீப், பீஈஈஈப். சென்னிமலை ஸ்டூலிலிருந்து குதித்து, குடைத் தட்டியோடு பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினான்.

மூலை திரும்பி ஐம்பது அடியில் நிறுத்தம். அங்கே ஒரு டீக்கடை. கடைக்காரர் டிரைவர் ஜன்னலுக்கு ஒரு கிளாஸை நீட்டிக்கொண்டிருந்தார்.

"சார்! அந்த ஹாரனு சார்... யாருக்கு அடிச்சீங்க? ஏணிக்கா, குடைக்கா?"

முரளிதரன் டீயை ஊதிக்கொண்டே அவனைப் பார்த்தார். முகத்தில் ஒரு அடையாளமும் தெரியவில்லை. "என்ன ஏணி, என்ன குடை?"

"ரெண்டு குட்டை, ஒரு நெட்டை, சார்."

"ஓ, அதுவா? டீக்குப்பா. இங்க ஒரு நிமிஷம்தான் நிக்கலாம். மூலையில அடிச்சேன்னா இவர் ஊத்தி ரெடியா வெப்பார். ஆறு வருஷமா அதே சிக்னல்தான். ஏன், தூக்கம் கெடுதா யாருக்காவது?"

"இல்ல சார். மூலையில நாங்க தட்டி ஆட்டறமுங்களே..."

"அப்படியா? அங்க ஹம்ப்ஸு இருக்கில்ல, கண்ணெல்லாம் ரோட்டுலதான். ஆக்சில் ஒடிஞ்சா டிப்போல நான்தான பதில் சொல்லணும்." கிளாஸ் வெளியே வந்தது. பஸ் போய்விட்டது.

சென்னிமலை அங்கேயே நின்றான். மூன்று தேர்தல். எத்தனை காலை, எத்தனை சாயங்காலம். எல்லாம் ஒரு கிளாஸ் டீக்கு.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று உறைத்தது. அவளுக்கும் இல்லை! எனக்கு அடிச்சாரு, எனக்கு அடிச்சாரு என்று குதித்தாளே, அவளுக்கும் இல்லை. இந்த ஒன்றை நினைத்ததும் காலில் தெம்பு வந்தது. சொல்லப்போகிற வாக்கியத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே மூலை திரும்பினான்.

ஆறாகிவிட்டது. மற்றவர்கள் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். பாப்பம்மாள் மட்டும் இன்னும் கல்லிலிருந்து இறங்கவில்லை. பத்து நாள் வெயிலில் முகம் கறுத்திருந்தது. ரோட்டைப் பார்க்காமல் அவனையே பார்த்தாள்.

"கேட்டீங்களா? என்ன சொன்னாரு?"

அவன் வாயைத் திறந்தான். மென்றுகொண்டு வந்தது வரவில்லை.

"உனக்குத்தானாம்."

அவள் சட்டென்று கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். "நெசமாலுமா? சொன்னத அப்படியே சொல்லுங்க."

"கல்லு மேல நிக்கிற சேலக்காரம்மாவுக்குன்னாரு."

"நான் மாத்தி மாத்தில்ல கட்டுனனுங்க. எந்தச் சேலன்னு சொன்னாரா?"

"சொன்னாரு. மொதநாளு அரக்கு. அடுத்த நாளு பச்சை, ஓரம் கிழிஞ்சு தெச்சது. மூணாம் நாளு மறுபடி அரக்கு. நேத்து அந்த மஞ்சப்பூப் போட்டது. அதுக்குத்தான் நேத்து நெட்டைய கொஞ்சம் கூடுதலா இழுத்தாராம்." நிறுத்த முடியாமல் வந்துகொண்டே இருந்தது. "ஸ்கூல் ஆட்டோ வந்தா நீ தல ஆட்டற பாரு, அதையும் சொன்னாரு. தட்டிய எடது கைக்கு மாத்தும்போது ஒதட்டக் கடிச்சுக்குவியாம்."

பாப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ சாமி! பஸ்ஸையும் ஓட்டிக்கிட்டு, அவ்வளவையுமா பாத்தாரு?"

"ம்."

"எத்தன நல்ல மனுசருங்க! வீட்டுல சொந்த ஆளுக்குக்கூட அப்படிப் பாக்கத் தோணாது."

சென்னிமலை இரண்டு தட்டியையும் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தான். பின்னால் அவள் முரளிதரனின் குணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். நாளைக்கே அந்த பஸ்ஸில் ஏறி ஒரு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும் என்றாள். டீ குடித்ததைத் தவிர ஒரு பாவமும் அறியாத அந்த டிரைவர் மேல் சென்னிமலைக்கு வந்த எரிச்சல், வீடு போய்ச் சேரும்வரை அடங்கவில்லை.