ஒன்றாம் நம்பர் அங்கி

சந்தைக்குப் பின்னால் தையல் கடை வைத்திருப்பவளை எல்லோரும் ஊசிக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். தொழிலை வைத்து வந்த பெயர் என்று அவள் சொல்லிக்கொள்வாள். நாக்கை வைத்து வந்த பெயர் என்பது ஊருக்கே தெரியும். பள்ளிச் சீருடை, பாடகர் குழுவின் மேலாடை, பாதிரியார்களின் அங்கி எல்லாம் தைப்பாள். கோயிலில் பீடத்துத் துணிகளை மாற்றுவதும், அப்படியே புனிதர்களின் சுரூபங்களைத் தூசி தட்டித் துடைப்பதும் அவள் பொறுப்பு.

அதனால் பெண் புனிதர்களை அவளுக்கு ரொம்பக் கிட்டத்தில் பழக்கம். லூசியா தன் கண்களையே தட்டில் ஏந்தி நிற்பாள். கத்தரீன் தன்னைக் கொல்லக் கொண்டுவந்த முள்சக்கரத்தின் மேல் கை வைத்திருப்பாள். அப்பொலோனியாவின் கையில் பல் பிடுங்கிய குறடு. வதைத்த சாமானைக் கையில் கொடுத்துவிட்டு முகத்தில் மட்டும் புன்னகையைப் பூசிவைத்திருக்கிறார்களே, இந்தச் சிற்பிகள் அக்கா தங்கச்சியோடு பிறக்கவில்லையா என்று துடைக்கும்போதெல்லாம் திட்டுவாள்.

அவள் ஒரு அக்காவோடு பிறந்தவள். அந்த அக்கா கன்னியர் மடத்தில் சேர்ந்து, மடத்து ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டைப் பார்த்துக்கொண்டவள். கல்யாணம் ஆகாமல் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களை உள்ளே விடக்கூடாது என்பது அன்றைய பெரிய மதரின் சட்டம். ஒரு மழை நாளில் பூட்டிய கதவுக்கு வெளியே, படியிலேயே, ஒரு பெண்ணும் அவள் வயிற்றுப் பிள்ளையும் செத்துப்போனார்கள். அக்கா கடப்பாரையை எடுத்து வந்து பூட்டை உடைத்தாள். ஓடி வந்த பெரிய மதரின் முகத்துக்கு நேராக, "உள்ள தொங்குற சிலுவையைக் கழட்டி எடுத்துக்குங்க. அப்புறம் எத்தனை பூட்டு வேணாலும் போடுங்க" என்றாள்.

மறுநாளே அவளைச் சலவைக்கூடத்துக்கு மாற்றினார்கள். கீழ்ப்படிதல் கற்றுக்கொள்ளவாம். சாகிறவரைக்கும் கற்றுக்கொண்டே இருந்தாள். நீராவியும் சலவைத்தூளும் நெஞ்சை அரித்து, இருமி இருமியே செத்தாள். ஆனால் அந்தக் கதவில் மறுபடி பூட்டு மாட்ட மட்டும் எவருக்கும் துணிச்சல் வரவில்லை. அங்கே பிள்ளை பெற்றவர்கள் கைக்குழந்தையோடு அவள் கல்லறைக்கு வர ஆரம்பித்தார்கள். வந்த கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் மடத்துக்கு ஞானம் பிறந்தது. அவளுக்குப் புனிதர் பட்டம் கேட்டு விசாரணை தொடங்கினார்கள்.

அந்த விசாரணைக்கான பாதிரியாரும், இப்போது மடத்தை நடத்துகிற சிஸ்டரும் ஒரு காலைப்பொழுதில் கடைக்கு வந்தார்கள். பாதிரியார் காகிதப் பையிலிருந்து ஒரு வெள்ளை அங்கியை எடுத்து மேசைமேல் பணிவாக வைத்தார்.

"உங்க அக்கா உடுத்தின அங்கிம்மா. இதைச் சின்னச் சின்னத் துண்டா வெட்டி, ஜனங்க தொட்டுக் கும்பிடுற திருப்பண்டமா ஒவ்வொரு படத்திலயும் ஒட்டணும். கூடப்பிறந்தவங்க கையால வெட்டினா நல்லா இருக்கும்னு நினைச்சோம். இது அவங்களோடதுதான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

படமும் தயாராக இருந்தது. அதில் அக்கா கண்களைத் தாழ்த்தி, கையில் லில்லிப் பூவோடு நின்றாள். ஊசிக்காரிக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது.

"இது யாரு?"

"உங்க அக்காதான். ஒருநாளும் குரலை உயர்த்தினதே இல்லையாமே. மடத்துல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"காது கேக்காதவங்களாப் பார்த்து விசாரிச்சீங்களா, ஃபாதர்?"

மடத்தில் எல்லோருக்கும் ஒரே வெள்ளை. சலவையில் மாறிப்போகாமல் இருக்க, கழுத்துப்பட்டிக்கு உள்ளே சிவப்பு நூலால் எண் தைத்திருப்பார்கள். ஊசிக்காரி பட்டியைப் புரட்டினாள். ஒன்று. ஒன்றாம் எண் எப்போதுமே பெரிய மதருக்கு. அந்த அங்கிக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்தே அக்கா நெஞ்சு வெந்தவள்.

அவள் எண்ணை சிஸ்டர் பக்கம் திருப்பிக் காட்டினாள். சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்க துணி ஒண்ணுகூட மிச்சமில்லம்மா. அப்பவே தரை துடைக்க எடுத்துட்டாங்க. பெட்டியில நல்லதா இருந்தது இது ஒண்ணுதான்."

பாதிரியாரின் பார்வை தையல் மெஷின்மேல் போர்த்தியிருந்த நீல ஏப்ரனில் போய் நின்றது. அதன் நடுவில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு, அச்சு மாதிரி கருகிக் கிடந்தது.

"அது... அவங்களோடதா?"

"ஆமா. செத்த அன்னைக்கு நானே கழட்டி எடுத்துட்டு வந்தேன்."

"அதைக் குடுப்பீங்களா?"

"குடுக்கிறேன். பூட்டை உடைச்சதையும், எதுக்கு உடைச்சாங்கிறதையும், அதுக்கு நீங்க என்ன தண்டனை குடுத்தீங்கங்கிறதையும் படத்துக்குப் பின்னாடி போடுங்க. குடுக்கிறேன்."

பாதிரியார் பொறுமையாகத்தான் பேசினார். அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. "சாந்தமா இருக்கிறவங்களைத்தானேம்மா ஜனங்க கும்பிடுவாங்க."

"கும்பிடுறது யாருன்னு கல்லறைக்குப் போய்ப் பாருங்க. அவ சாந்தமா இருந்திருந்தா அந்தப் பொம்பளைங்கள்ல பாதிப் பேரு படியிலயே செத்திருப்பாங்க. பிரான்சுல போருக்குப் போன ஜோனம்மாளை உயிரோட எரிக்கத் தீர்ப்புச் சொன்னதும் சாமியாருங்கதான், பீடத்துல ஏத்தினதும் சாமியாருங்கதான். ஆனா அதுக்கு நடுவுல அஞ்சூறு வருஷம் விட்டாங்க. உங்களுக்கு அந்த வெக்கங்கூட இல்ல."

"அம்மா, படத்துல கையில ஏதாவது ஒண்ணு இருக்கணும். அதுக்காகத்தான் பூ."

"வழக்கப்படியே செய்யுங்க, ஃபாதர். வதைச்சது எதுவோ அதைத்தானே புனிதைங்க கையில வைப்பீங்க? அப்பொலோனியாவுக்குக் குறடு, கத்தரீனுக்குச் சக்கரம். எங்கக்கா கையில இஸ்திரிப்பெட்டியைக் குடுங்க. கண்ணையும் திறந்து வைங்க, யாரு குடுத்தாங்கன்னு பார்க்கட்டும்."

பாதிரியார் எழுந்துகொண்டார். யோசித்துச் சொல்லுங்கள், மறுபடி வருகிறோம் என்றார். அங்கியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவள் மனசு மாறும் என்று நம்பியிருக்க வேண்டும்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை ஊசிக்காரி பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய கத்தரியை எடுத்து, கேட்டபடியே அங்கியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக, ஓரம் பிசிறாமல் வெட்டி அடுக்கினாள். நீல ஏப்ரனை மடித்து மடியில் வைத்துக்கொண்டு மெஷினுக்கு எண்ணெய் விட்டாள். மேலே இருந்த துண்டை எடுத்து, வழிந்த எண்ணெயை அழுத்தித் துடைத்தாள். நல்ல துணி, நன்றாக உறிஞ்சியது. மிச்சத்தைத் தரை துடைக்கும் வாளிக்குள் போட்டாள்.