கொடுக்க முடியாத மஜ்ஜை

சட்டை தைக்கும் கடையில் அவருக்கு ‘அரைவிரல் மாஸ்டர்’ என்று பெயர். வலது கட்டைவிரல் பிறவியிலேயே சுண்டுவிரல் அளவுதான். கத்தரிக்கோல் வளையத்தில் துணி சுற்றி, அதற்குள் விரலை இறுக்கிக்கொண்டு எட்டு மடிப்புத் துணியை ஒரே மூச்சில் வெட்டுவார். ஆளும் குள்ளம், பலகை போட்டு அதன்மேல் நின்றுதான் வேலை. சிறு வயது முதல் எத்தனையோ டாக்டர்கள் அந்தக் கையைப் பிடித்து நாடி பார்த்திருக்கிறார்கள். ஏன் இப்படி என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ‘பிறவிக் குறை’ என்று சொல்லிவிட்டால் யோசிக்கும் வேலை மிச்சம்.

அவருடைய தங்கைக்கு இருபத்தாறு வயது. அவள் எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறுவது நின்றுகொண்டிருந்தது. ஒரு வருடம் சத்து டானிக் கொடுத்தே காலத்தைக் கடத்திவிட்டு, பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேறொருவர் மஜ்ஜையை ஏற்றினால் பிழைப்பாள் என்றார்கள். அண்ணனின் ரத்தத்தைச் சோதித்தார்கள். முழுப் பொருத்தம். பொருந்திவிட்டால் கொடுத்துவிடலாம் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா உறவுக்காரர் ஒருவரையும் விடாமல் போன் போட்டுச் சொன்னார். தங்கை படுத்தபடியே வம்புக்கு இழுத்தாள்.

“உன் மஜ்ஜையை ஏத்தினா நானும் உன் உயரத்துக்குச் சுருங்கிடுவேனாண்ணா?”

“வாய் சுருங்கினா போதும்டி.”

மஜ்ஜை எடுப்பதற்கு முன் ஒரு டாக்டரம்மா கையெழுத்து வாங்க வந்தார். மாஸ்டர் பேனாவைப் பிடித்த விதத்தைப் பார்த்தவர், படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“சட்டையைக் கழட்டுங்க சார்.”

முதுகில் டீக்கறைபோல் திட்டுத் திட்டாகப் பழுப்பு. மீண்டும் ரத்தம் எடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஒரே பரம்பரை நோய். உங்க விரல், உயரம், முதுகுத் திட்டு எல்லாம் அதோட அடையாளம்தான். உங்க மஜ்ஜையை அவங்களுக்கு ஏத்த முடியாது.”

“நான் நல்லாத்தானேம்மா இருக்கேன்?”

“இப்போதைக்கு ரத்தம் ஊறுது. ஆனா வாய், தொண்டையில புத்துநோய் வர்ற ஆபத்து மத்தவங்களைவிட ரொம்ப அதிகம். இந்த மாதிரிக் குடும்பங்கள்ல அது யாருக்கு, எந்த வயசுல வருதுன்னுதான் இங்க ஆராய்ச்சி பண்றோம்.”

“வராம இருக்க மருந்து?”

“இல்ல. ஆறு மாசத்துக்கொரு தடவை வாயைக் காட்டணும். வந்தா சீக்கிரம் கண்டுபிடிச்சிடலாம்.”

“என் கதை கிடக்கட்டும். தங்கச்சிக்கு?”

“வெளியாள்தான் தேடணும். பதிவேட்டுல இதுவரை யாரும் பொருந்தலை.”

மஜ்ஜை கொடுக்க முன்வந்த லட்சக்கணக்கானோரின் பெயர் இருக்கும் பதிவேடு அது. மாஸ்டரின் தெருவுக்கோ அதைப் போன்ற தெருக்களுக்கோ யாரும் வந்து ஒரு பெயர்கூடக் கேட்டதில்லை. கேட்காமலேயே ‘இல்லை’ என்று எழுதிக்கொள்ள எந்த விஞ்ஞானமும் சொல்லித்தரவில்லை.

வெளியே காத்திருந்த அம்மா விஷயத்தைக் கேட்டதும், “என் வயித்தாலதானா?” என்றார். பாதிக் குறை அப்பாவிடமிருந்தும் வந்தது, யார் தப்பும் இல்லை என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். அம்மா படத்தைப் பார்க்கவே இல்லை.

மாஸ்டர் வார்டுக்குப் போனார்.

“எப்போ எடுக்கிறாங்க?” என்றாள் தங்கை.

அவர் சொன்னார். சுற்றி வளைக்க அவருக்குத் தெரியாது.

“உனக்குமா?”

“ம்.”

இந்த முறை கேலி இல்லாமல் கேட்டாள்:

“அப்போ அம்மாவை யாருண்ணா பாத்துக்கிறது?”

மாஸ்டர் தண்ணீர் வேண்டுமா என்றார். வேண்டாம் என்றாள்.