நிலைக் கட்டணமும் சிவலிங்கம் அண்ணையின் கோட்டும்

மின்கட்டணம் பற்றி ஆலோசனை சொல்பவனிடம் யாரும் மின்சாரத்தைப் பற்றி நெடுநேரம் கதைப்பதில்லை. வீட்டில் யார் எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள், யாருக்கு எப்போதும் குளிர்கிறது, யார் யாருக்குத் தெரியாமல் ஹீற்றரைத் திருகுகிறார்கள் என்பதில்தான் போய் நிற்பார்கள்.

பில் வந்த உறையைப் பிரிக்காமல் இரண்டு நாள் மேசையில் போட்டு வைத்திருக்கும் சக துன்பக்காரர்களே, நான் உங்களில் ஒருவன்தான். யாழ்ப்பாணத்தில் ஏழாம் வகுப்புவரை தமிழிலும் மிச்சத்தை மொன்றியலில் பிரெஞ்சிலும் படித்தேன். நடுவில் பல வருடங்கள் லண்டனில் இருந்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் இங்கேயே திரும்பி வந்தேன். மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரு சின்ன ஆலோசனை அலுவலகம். எதையும் விற்பதில்லை. எந்தக் கட்டணம் உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று சேர்ந்து யோசிப்பதுதான் வேலை.

விஷயம் இதுதான். நிலைக் கட்டணம் என்றால் எந்த நாளும் எந்த நேரமும் ஒரே விலை. மாறு கட்டணம் என்றால் குளிர்காலத்தில் பெரும்பாலான நேரம் விலை குறைவு. ஆனால் நகரமே நடுங்கி எல்லா ஹீற்றரையும் ஒன்றாகப் போடுகிற நாட்களில், காலையில் சில மணி நேரமும் பின்னேரம் சில மணி நேரமும் விலை பல மடங்கு. அது எந்த நாள் என்று அதற்கு முதல்நாள்தான் போனுக்குச் செய்தி வரும். வசந்தம் வந்தால் இரண்டுமே ஏறும். அதில் மட்டும் ஒருவருக்கும் சந்தேகமில்லை.

ஒரு சொல்லில் பதில்

நவம்பரில் ஒரு நாள் சிவலிங்கம் அண்ணையும் தவமணி அக்காவும் வந்தார்கள். அண்ணை குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் உறைந்த மீன் பெட்டிகளை அடுக்கி அடுக்கி ஓய்வுபெற்றவர். அந்த வேலைக்குக் கொடுத்த தடித்த நீலக் கோட்டை இன்னும் போட்டிருந்தார். அலுவலகத்துக்குள் ஹீற்றர் அனலாக எரிகிறது, அவர் கோட்டின் முன்பக்கச் சிப்பைக்கூட இறக்கித் திறக்கவில்லை. இரண்டு தட்டு வீடொன்றின் கீழ்த்தட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். மின்சாரம் அவர்கள் பொறுப்பு. ஓய்வூதியம் அப்படியே நிற்க, பில் மட்டும் ஏறுகிறது. மாறு கட்டணத்துக்குப் போனால் மிச்சம் பிடிக்கலாம் என்று யாரோ அண்ணைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

அக்காவின் கவலை வேறு. மகள் மயூரிக்கு ஜனவரியில் முதல் பிள்ளை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவளும் கணவரும் இருக்கிற ஒற்றை அறை போதாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே தாய் வீட்டுக்கு வருகிறாள், பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் சடங்கு கழியும்வரை நிற்பாள். விடியக்காலை மகளுக்கு மூலிகை அவித்த தண்ணீரில் குளிக்க வார்க்க வேண்டும், பிள்ளை பெற்றவளுக்கான மருந்துச் சரக்கு அரைத்துக் கறி வைக்க வேண்டும், பிள்ளையின் அறை சூடாக இருக்க வேண்டும். நான் நாட்காட்டியைப் பார்த்தேன். வருடத்தின் மிகக் குளிரான மாதம், நாளின் மிக விலையான நேரம். கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றேன். "யோசிக்க என்ன கிடக்கு தம்பி, ஒரு சொல்லில சொல்லும், எது மலிவு?" என்றார் அண்ணை. அக்கா என்னைப் பார்த்தார். "மின்சாரத்தைச் சும்மா குடுத்தாலும் இவர் ஹீற்றரைக் கூட்டமாட்டார் தம்பி. ஃப்ரீசரோட பார்த்தால் வீடு சூடுதானே எண்டுவார்."

லண்டனில் ஒரு குரல்

எது மலிவு என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. லண்டனில் ஓர் எரிபொருள் கம்பனியின் தொலைபேசிப் பிரிவில் இருந்தபோது, விலை ஏறத் தொடங்கிய வருடத்தில் ஆட்கள் சோதிடரிடம் கேட்பதுபோலக் கேட்டார்கள். ஒரு வருடத்துக்கு விலையைக் கட்டிப் போடவா, சந்தையோடு போகவா? பதில் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. "முடிவு உங்களுடையது" என்று சொல்லச் சொல்லித் தந்திருந்தார்கள்.

கிழக்கு லண்டனிலிருந்து நம்முடைய ஆள் ஒருவர் அழைப்பு எடுத்தார். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறி, ரகசியக் குரலில், "தம்பி, நீங்கள் உள்ளுக்க இருக்கிற ஆள். விலை ஏறுமோ இறங்குமோ, எனக்கு மட்டும் சொல்லுங்கோ" என்றார். எனக்குத் தெரியாது அண்ணை என்றேன். அவர் நம்பவில்லை. உண்மையாகவே தெரியாது என்றேன். பிறகு, எனக்காக இரக்கப்பட்டது போல, "அப்ப அங்க இருந்து என்னதான் செய்யிறியள்?" என்றார்.

எக்ஸெல்லில் இல்லாத குளியல்

அதே நவம்பரில் பக்கத்து ஊரான புரோசார்டிலிருந்து ராமநாதன் சார் வந்தார். தமிழ்நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். அவர் ஆலோசனை கேட்க வரவில்லை, கொடுக்க வந்தார். போன வருடம் முழுக்க மாறு கட்டணத்தில் இருந்து, அறைக்கு ஒரு வெப்பமானி வைத்து, எல்லாவற்றையும் எக்ஸெல்லில் ஏற்றியிருந்தார். எனக்கு அதில் ஒரு விஷயம் பிடித்துப்போனது. ஒரு நாள் காலை வெந்நீர்த் தொட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குழாய்த் தண்ணீரை மணிக்கொரு தடவை அளந்திருக்கிறார். "மத்தியானம் வரைக்கும் சூடு பெரிசா இறங்கல சார். தொட்டி ஒரு பெரிய பிளாஸ்க் மாதிரி" என்றார். விலை ஏறுவதற்கு முன்பே தண்ணீரைச் சுட வைத்துவிட்டால் போதும். எனக்கு உடனே தவமணி அக்காவின் ஞாபகம் வந்தது.

அன்று மாலையே அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். வெந்நீர்த் தொட்டி நேரத்துக்குத் தானாக அணைந்து எரிய ஒரு நேரக்கருவி, மூலிகைத் தண்ணீரை விடியுமுன் அவித்து மூடி வைப்பது, விலையான நேரத்தில் பிள்ளையின் அறை ஹீற்றர் மட்டும். இப்படிச் செய்தால் மாறு கட்டணத்தில் சமாளிக்கலாம். ஆனால் பிறகு மனம் மாறி விலகினால் அந்தக் குளிர்காலத்தில் திரும்பிச் சேர முடியாது. பின்னால் அண்ணையின் குரல், "போடச் சொல்லு, போடச் சொல்லு" என்றது. போட்டாயிற்று. நன்றி சொல்ல ராமநாதன் சார் வீட்டுக்குப் போன் பண்ணினேன். எடுத்தது அவர் மனைவி. சாரின் கணக்கைப் புகழ்ந்தேன். "நல்லா சொன்னீங்க. விலை ஏறுற நேரம் பார்த்து, தினம் காலைல ஏழு மணிக்கு அரை மணி நேரம் ஷவர்ல நிப்பாரு. எல்லாத்தையும் எக்ஸெல்ல போட்டாரு, அதை மட்டும் விட்டுட்டாரு."

செவ்வாய்க்கிழமை இருட்டு

டிசம்பர் கடைசியில், நேரக்கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமை. வெளியே பனி உருகிக் கூரையிலிருந்து சொட்டுகிறது, நான் கையுறைகூடப் போடவில்லை. உள்ளே போனால் இருட்டு. ஹீற்றர் எல்லாம் அணைந்திருந்தது. அக்கா குரங்குத் தொப்பியும் இரண்டு சுவெட்டரும், அண்ணை நீலக் கோட்டும். "இண்டைக்கு விலை கூடின நாளெல்லோ" என்றார் அக்கா. இல்லையே அக்கா, இன்றைக்கு ஒன்றும் இல்லையே என்றேன்.

சமையலறையில் கோயில் நாட்காட்டி தொங்கியது. முதல் செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கு. அக்கா அந்த நேரங்களை ராகுகாலத்துக்குப் பக்கத்தில் எழுதி, குளிர்காலம் முடியும்வரை எல்லாச் செவ்வாய்க்கும் சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். அதற்குப் பிறகு வந்த செய்திகளை, திரும்பத் திரும்ப ஒன்றைத்தானே அனுப்புகிறார்கள் என்று அண்ணை தன் போனிலிருந்து அழித்துக்கொண்டே வந்திருக்கிறார். உண்மையான விலை நாள் போன வியாழன். அன்று காலை முழுக்க அக்கா மகளுக்குச் சரக்கு வறுத்து, அரிசிமா வறுத்து, பிள்ளைக்கு வாங்கிய துணியெல்லாம் தோய்த்து இயந்திரத்தில் காயப் போட்டிருக்கிறார். விளங்கப்படுத்தினேன். அக்கா சிவப்புக் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "செவ்வாயெண்டால் ராகுகாலம் எப்பவும் மூண்டு தொடக்கம் நாலரைதானே தம்பி. ராகுவே நேரம் மாத்திறேல்ல, இவங்கள் மட்டும் என்னெண்டு மாத்துறவங்கள்?"

லூசியின் சந்தேகம்

அலுவலகத்துக்குத் திரும்பி, பக்கத்து மேசை லூசியிடம் சொன்னேன். லூசி இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ராகுவைப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தவே தேநீர் ஆறிப்போனது. முப்பத்தொரு நாளையும் விளங்கப்படுத்தினேன். பிள்ளை வர இன்னும் கொஞ்ச நாள்தான். அவர்களை நிலைக் கட்டணத்துக்குத் திருப்பி விடுவதா, இருக்க விடுவதா என்று இரண்டு வாரத்து வானிலையைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். லூசி என் திரையை எட்டிப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "நீ ஏன் வானிலையைப் பார்க்கிறாய்? பிள்ளை எத்தனை மணிக்குக் கத்தும் என்று அதனிடம் கேட்டுக்கொண்டு வா."

சிப்

பிள்ளை பொங்கலுக்கு முன்பே பிறந்துவிட்டது. பெண். வீட்டுக்கு வந்து ஒரு வாரத்துக்குள் ஊர் உறைந்தது, செய்தியும் வந்தது. இந்த முறை அண்ணை அழிக்கவில்லை. அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை என்று பிறகு மயூரி சொன்னாள். விடியுமுன் தண்ணீர் அவித்து மூடியாயிற்று, தொட்டி நிறையச் சுடுதண்ணீர், பிள்ளையின் அறையில் மட்டும் ஹீற்றர். அந்த வீட்டின் மற்றப் பக்கம் முழுக்க, சொன்னபடி, ஹீற்றர் அணைந்து கிடந்தது.

நான் அலுவலகக் கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. சிவலிங்கம் அண்ணை. "தம்பி, பழையபடி நிலைக் கட்டணத்துக்கு மாத்தும்." திரும்பிச் சேர முடியாது அண்ணை, மிச்சக் குளிர்காலம் எப்படியோ தெரியாது, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்றேன். "எல்லா ஹீற்றரையும் முழுசாத் திருகிப்போட்டன்" என்றார். எப்போது என்றேன். "இப்பத்தான், விலை கூடின நேரத்தில." ஏன் அண்ணை என்றேன். பிறகு மெதுவாகச் சொன்னார். அக்காவும் மயூரியும் குளியலறையில். பிள்ளையை இவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அறைக்குள் அழுகிறாள் என்று ஹோலுக்குத் தூக்கிக்கொண்டு வந்து நடந்திருக்கிறார். அழுகை கூடியிருக்கிறது. குனிந்து பார்த்தால், கோட்டின் சிப் பட்டுப் பிள்ளையின் கன்னம் சிவந்திருக்கிறது. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் சட்டையோடு அவளை நெஞ்சில் சேர்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அழுகை நின்றது. அப்போதுதான் அவருக்கு நடுக்கம் தொடங்கியிருக்கிறது. "தம்பி, உண்மையைச் சொல்லும்" என்றார். "இந்த வீடு எப்பவும் இவ்வளவு குளிரோ?"

முப்பத்தொன்று

முப்பத்தொன்றுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கதவைத் திறந்ததும் என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது, அவ்வளவு சூடு. நீலக் கோட்டு வாசல் கொழுவியில் தொங்கியது. அண்ணை அரைக்கைச் சட்டையோடு பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு அறையாக, சுவரோரம் நீளமாகக் கிடக்கிற ஹீற்றரில் கையை வைத்து வைத்துப் பார்த்து நடந்தார். கோயில் நாட்காட்டியில் சிவப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. ஒருவரும் அவற்றைப் பார்க்கவில்லை.

என் தொழிலுக்கு ஒரு நேர்மை உண்டு, சொல்லாமல் விட மனம் வரவில்லை. அண்ணையை ஒரு பக்கம் கூப்பிட்டு, நீங்கள் விலகிய பிறகு குளிர் தணிந்துவிட்டது, செய்திகளும் குறைந்துவிட்டன, பொறுத்திருந்தால் மாறு கட்டணம்தான் மலிவாக வந்திருக்கும் என்றேன். அண்ணை பேத்தியின் முதுகைத் தட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். "அது பரவாயில்லை. மனுசியிட்டை மட்டும் சொல்லிப்போடாதையும்." சமையலறையிலிருந்து சத்தம் வந்தது. "எனக்குக் கேட்டது. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் குளிருது குளிருது எண்ட நேரம் கூடாத ஹீற்றர், இவள் ஒருக்கா அழுததுக்குக் கூடியிருக்கு. போடுறதெண்டால் அந்தக் கணக்கையும் சேர்த்துப் போடுங்கோ தம்பி."

இப்போதெல்லாம் நிலைக் கட்டணமா மாறு கட்டணமா என்று யாராவது வந்தால், பில்லைக் கையில் வாங்குமுன் நான் கேட்பது, உங்கள் வீட்டுக்குள் கோட்டோடு திரிவது யார் என்பதைத்தான்.